ஸ்டீபன் ஜிரார்டின் உயில்

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"தர்ம ஸ்தாபனமும் அதை ஏற்படுத்தியவரின் கொள்கையும்" என்பதைப் பற்றிப் பேசவேண்டுமென்று இந்த வாசகசாலையார் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். நான் காலேஜில் படித்தவனல்ல. பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். இதுபோன்ற வாசகசாலைப் பெஞ்சுகளில் உட்கார்ந்து படித்ததுதான் மீதி. ஆகையால் சட்ட நுணுக்கங்களை எதிர்பார்த்து யாராவது வந்திருந்தால் அவர்கள் மன்னிக்க வேண்டும். ஒரே ஒரு மனிதனுடைய உயிலை எடுத்துக்கொண்டு, அவன் செத்தபிறகு சுமார் 190 வருஷ காலம் அந்த உயில் என்ன பாடுபட்டது, யாரையெல்லாம் பாடுபடுத்தியது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாமென்று இருக்கிறேன்.

அந்த மனிதன் பெயர் ஸ்டீபன் ஜிரார்டு. பிரான்சு தேசத்தில் போர்தோ என்ற துறைமுகப் பட்டணத்தில் 1750-ல் பிறந்தவன். குழந்தைப் பருவத்திலேயே வலது கண் பார்வை போய்விட்டது. பதினான்கு வயதில் கப்பலேறினான். 1776-ல், அதாவது அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்த அதே வருஷத்தில், பிலடெல்பியா நகரம் வந்து சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டான். கப்பல் வியாபாரம் செய்தான், பாங்கி வைத்தான், 1813-ல் அமெரிக்க சர்க்கார் யுத்தச் செலவுக்குப் பணமில்லாமல் தவித்தபோது அந்த சர்க்காருக்கே கடன் கொடுத்தவர்களில் ஒருவனாக ஆனான். 1831 டிசம்பரில் 81-வது வயதில் சாகும்போது அவன்தான் அந்த தேசத்திலேயே பெரிய பணக்காரன். சொத்து சுமார் 70 லட்சம் டாலர். இன்றைய கணக்கில் அது எத்தனையோ மடங்கு.

இதெல்லாம் பணக்காரன் கதை. பணக்காரன் கதை எங்கேயும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இவனிடத்தில் நாம் கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு சங்கதிகள்.

ஒன்று: நம் ஊர் வியாபாரி கப்பல் வாங்கினால் அதற்குச் சாமி பெயர் வைப்பான், கிறிஸ்தவ வியாபாரியானால் ஏதாவதொரு அர்ச். பெயர் வைப்பான். இந்த மனிதன் தன் கப்பல்களுக்கு வால்டேர், ரூசோ, மாண்டெஸ்க்யூ, ஹெல்வேஷியஸ் என்று பெயர் வைத்தான். மதகுருக்களின் ஆதிக்கத்தை எழுதியே ஆட்டங்காணச் செய்த பிரெஞ்சு அறிஞர்களின் பெயர்கள் கடல் மேல் சரக்கு ஏற்றிக்கொண்டு போயின. இதைப் படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

இரண்டு: 1793-ல் பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் கண்டது. அப்போது அதுதான் அமெரிக்காவின் தலைநகரம்; ஜனத்தொகை சுமார் 50,000. அந்த ஒரு சில மாதங்களில் ஏறக்குறைய 5,000 பேர் செத்தார்கள். வண்டியும் குதிரையும் உள்ளவர்கள் ஓடினார்கள். ஜனாதிபதி வாஷிங்டனே ஊரை விட்டுப் போய்விட்டார். அந்தச் சமயத்தில் ஜிரார்டு தானாக முன்வந்து, புஷ் ஹில் என்ற இடத்திலிருந்த காய்ச்சல் ஆஸ்பத்திரியை நடத்தும் பொறுப்பை பீட்டர் ஹெல்ம் என்ற இன்னொருவரோடு சேர்ந்து ஏற்றுக்கொண்டான். சும்மா பணம் கொடுத்துவிட்டு விலகி நிற்கவில்லை; நோயாளிகள் கிடந்த அந்த வீட்டுக்குள் தினந்தோறும் போய் நின்று வேலை பார்த்தான். அங்கே இருந்த டாக்டர் தெவேஸ் என்பவர், மற்ற டாக்டர்கள் செய்ததுபோல் நோயாளியின் இரத்தத்தைக் குத்தி வடிக்காமல், ஓய்வும் பராமரிப்பும் கொடுத்து வைத்தியம் செய்தார். யாகமும் நடக்கவில்லை, மாரியம்மனுக்குக் கூழும் ஊற்றவில்லை. சுத்தமும் பராமரிப்பும்தான் நடந்தன.

இங்கே இன்னொரு விஷயத்தையும் சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும். அதே 1793-ல் அந்த ஊரில் நோயாளிக்குத் தண்ணீர் கொடுத்தவர்கள், பிணத்தைத் தூக்கினவர்கள், குழி வெட்டினவர்கள் யார்? அப்சலம் ஜோன்ஸ், ரிச்சர்டு ஆலன் ஆகிய இருவரின் தலைமையில் புறப்பட்ட கறுப்பு ஜனங்கள். அவர்களில் பலர் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்கள். கறுப்பருக்கு இந்தக் காய்ச்சல் ஒட்டாது என்று ஒரு பெரிய டாக்டர் சொல்லி வைத்தார். அது பொய். ஒட்டிற்று, அவர்களிலும் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். காய்ச்சல் நின்றபிறகு, கூலி அதிகம் வாங்கினார்கள், திருடினார்கள் என்று ஒரு வெள்ளைக்காரர் புஸ்தகம் எழுதினார். அதை மறுத்து ஜோன்ஸும் ஆலனும் 1794-ல் ஒரு சிறு புஸ்தகம் வெளியிட்டார்கள். ஜிரார்டு இவர்களைக் கண்ணால் பார்த்தவன். இது ஞாபகத்தில் இருக்கட்டும்.

இனி உயிலுக்கு வருவோம். ஜிரார்டுக்குப் பிள்ளை குட்டி இல்லை. மனைவி பைத்தியம் பிடித்து இருபத்தைந்து வருஷம் ஆஸ்பத்திரியிலேயே இருந்து 1815-ல் இறந்து போனாள். 1830-ல் அவன் எழுதிய உயிலில் உறவினர்களுக்குக் கொஞ்சம், ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம், செவிட்டூமைப் பள்ளிக்குக் கொஞ்சம், நகரத்து வீதிகளுக்குக் கொஞ்சம் என்று எழுதிவிட்டு, 20 லட்சம் டாலரையும் மிச்ச சொத்தையும் ஏழை அநாதைச் சிறுவர்களுக்குச் சோறு, துணி, இருப்பிடம், படிப்பு எல்லாம் கொடுக்கும் ஒரு காலேஜுக்கு எழுதி வைத்தான். நகர சபையே தர்மகர்த்தா. ஆறு வயது முதல் பத்து வயதுக்குள் சேர்க்க வேண்டும். வளர்ந்தபின் ஒரு தொழிலில் விட வேண்டும். என்ன பாடம் என்பதையும் அவனே எழுதினான்: வாசிப்பு, எழுத்து, கணக்கு, பூகோளம், கப்பலோட்டும் சாஸ்திரம், நிலமளத்தல், வான சாஸ்திரம், ரசாயனம், பிரெஞ்சு, ஸ்பானிஷ். கிரேக்கமும் லத்தீனும்? தடுக்கவுமில்லை, சிபாரிசு செய்யவுமில்லை என்று எழுதிவிட்டான். நம் நாட்டில் கிரேக்கம், லத்தீன் ஸ்தானத்தில் இருப்பது எந்தப் பாஷை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. (சிரிப்பு)

அப்புறம்தான் அந்தப் பிரசித்திபெற்ற ஷரத்து வருகிறது. எந்த மதத்துப் பாதிரியும், மிஷனரியும், குருவும் இந்தக் காலேஜில் எந்த உத்தியோகமும் பார்க்கக் கூடாது. எந்தக் காரியத்துக்காகவும், வேடிக்கை பார்க்கக்கூட, மதிலுக்குள் நுழையக் கூடாது. இப்படி எழுதிவிட்டு அவன் அதற்குக் காரணமும் எழுதினான். மதங்கள் பல; ஒன்றுக்கொன்று சண்டை. குழந்தைகளின் இளம் மனத்தில் இந்தச் சண்டையைப் புகுத்த வேண்டாம். ஒழுக்கமும், உண்மையும், உழைப்பும், சக மனிதரிடத்தில் அன்பும் கற்றுக் கொடுங்கள். பெரியவனாகி அறிவு முதிர்ந்தபின் எந்த மதத்தை வேண்டுமானாலும் அவனே பார்த்து ஏற்றுக் கொள்ளட்டும். இதுதான் சாரம். மதத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. குழந்தையின் தலையில் அதை ஏற்றாதே என்று மட்டும்தான் சொன்னான். இவ்வளவு மரியாதையாகச் சொன்னதற்கே என்ன கூச்சல் கிளம்பிற்று தெரியுமா?

பிரான்சிலிருந்த உறவினர்கள் வியாஜ்யம் போட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது பணம். ஆனால் பணத்துக்காக வந்தோம் என்றால் கோர்ட்டில் எடுபடாது பாருங்கள்! 1844-ல் அமெரிக்கப் பெரிய கோர்ட்டில் அவர்களுக்காக டேனியல் வெப்ஸ்டர் என்ற மகா வக்கீல் எழுந்து மூன்று நாள் பேசினார். பாதிரியை விலக்கிய தர்மம் தர்மமே அல்ல, கிறிஸ்தவ மதத்துக்கு விரோதம், ஆகையால் உயில் செல்லாது என்பது அவர் வாதம். மதப்பற்றுள்ளவர்கள் கண்ணீர் விட்டார்களாம். கோர்ட்டார் ஏகமனதாக அந்த வாதத்தைத் தள்ளி உயில் செல்லும் என்று தீர்ப்பளித்தார்கள். ஆனால் நீதிபதி ஸ்டோரி தீர்ப்பில் ஒரு சந்து வைத்தார். பாதிரிதானே வரக்கூடாது? பாதிரியல்லாதவர் பைபிளும் கிறிஸ்தவமும் சொல்லிக் கொடுப்பதை உயில் தடுக்கவில்லையே என்றார்.

சந்து கிடைத்தால் போதாதா? காலேஜுக்குள்ளேயே ஜெபக்கோவில் வந்தது. பிள்ளைகள் போய் உட்கார்ந்தார்கள். பைபிள் வாசிக்கப்பட்டது; சங்கீதம் பாடப்பட்டது. அங்கி போட்ட பாதிரிக்குப் பதில் கோட்டுப் போட்ட உபாத்தியாயர் நின்றார், அவ்வளவுதான். 1930-களில் பெரியதொரு ஆர்கன் வாத்தியத்தோடு புதிய ஜெபக்கோவிலும் கட்டினார்கள். வாசலில் மட்டும் காவல்காரன் வெகு கண்டிப்பு. இதைப்பற்றி ஒரு வேடிக்கைக் கதை உண்டு. வெள்ளைக் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு கனவான் வந்தாராம். "ஐயா, பாதிரிமார் உள்ளே வரக்கூடாது" என்றானாம் காவல்காரன். அந்தக் கனவானுக்குக் கோபம் வந்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினாராம். "அப்படியானால் தாராளமாக உள்ளே போங்கள்" என்று விட்டுவிட்டானாம். நடந்ததோ கட்டியதோ, ஷரத்து எந்த லட்சணத்தில் அமுலாயிற்று என்பதற்கு இது போதும்.

கட்டடத்தின் கதையும் அப்படியே. வீண் அலங்காரம் வேண்டாம், உறுதியும் வசதியும் பார்த்துக் கட்டுங்கள் என்று அந்த மனிதன் அளவு முதற்கொண்டு எழுதி வைத்தான். கட்டடக் கமிட்டித் தலைவர் நிக்கொலஸ் பிடிலுக்குக் கிரேக்கக் கோவில் மேல் மோகம். பதினான்கு வருஷம் கட்டி, சுற்றிலும் 34 பெரிய தூண்களோடு சலவைக்கல்லில் ஒரு கிரேக்கக் கோவிலையே எழுப்பிவிட்டார்கள். கட்டடங்களுக்கு ஆன செலவு 20 லட்சம் டாலரை நெருங்கிற்று. கிரேக்கத்தைச் சிபாரிசு செய்யாதவனுக்குக் கிரேக்கக் கோவில்! 1848-ல்தான் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். 1851-ல் ஜிரார்டின் எலும்புகளை மாதாகோவில் தோட்டத்திலிருந்து எடுத்துவந்து அந்த மண்டபத்தில் வைத்து, மேலே ஒரு சிலையும் நிறுத்தினார்கள். அவன் செத்து இருபது வருஷத்துக்குள் கோவிலும் ஆயிற்று, விக்கிரகமும் ஆயிற்று. வருஷோற்சவம் மட்டும் பாக்கியா என்று கேட்பீர்கள். அதுவும் உண்டு; மே மாதத்தில், அவன் பிறந்த நாளையொட்டி.

நல்லது. இனி மற்றொரு ஷரத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் நாம் புராணம் படிப்பவர்களாகி விடுவோம். அந்த உயிலில் அநாதைச் சிறுவர் என்று எழுதிய இடத்தில், "வெள்ளை" என்று ஒரு சொல் இருக்கிறது. ஏழை, ஆண், வெள்ளை, அநாதை. வால்டேர் பெயரில் கப்பல் விட்டவன், காய்ச்சல் வீட்டில் நின்றவன், கறுப்பு ஜனங்கள் பிணம் தூக்கியதைப் பார்த்தவன்தான் இப்படி எழுதினான். அதே உயிலில் ஹன்னா என்ற தன் அடிமைப் பெண்ணுக்கு விடுதலையும் ஆயுள் வரைக்கும் வருஷத்துக்கு 200 டாலரும் கொடுக்கிறான். லூயிசியானாவில் அவனுக்கிருந்த நிலத்தில் முப்பது பேருக்கு மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். அவர்களையோ நிலத்தோடு சேர்த்து மாடு கன்றுபோல் எழுதி வைத்தான்.

தோழர்களே, இங்கே கவனிக்க வேண்டும். பாதிரி வேண்டாம் என்றதற்கு அவன் காரணம் எழுதினான். வெள்ளை என்றதற்கு ஒரு வரி காரணம்கூட எழுதவில்லை. ஏன்? முன்னது அவன் யோசித்து எடுத்த கொள்கை. பின்னது அவன் யோசிக்கவே இல்லை. ஊரிலே எல்லாரும் அப்படி, தானும் அப்படி. நம் பெரிய மனிதர்கள் சத்திரம் கட்டும்போது இன்ன ஜாதியாருக்கு உள்ளே இலை, இன்னாருக்குத் திண்ணையில் என்று எழுதி வைத்தார்களே, எந்தச் சாசனத்திலாவது அதற்குக் காரணம் எழுதியிருந்ததா? வழக்கம் காரணம் சொல்லாது. காரணம் கேட்டால் அதற்குக் கோபம்தான் வரும்.

தர்மகர்த்தாக்கள் செய்ததென்ன? காரணத்தோடு எழுதிய ஷரத்தில் சந்து கண்டுபிடித்தார்கள். காரணமில்லாத சொல்லை நூற்றிருபது வருஷம் கண்ணை இமை காப்பதுபோல் காத்தார்கள். அநாதை என்ற சொல்லுக்குத் தகப்பனில்லாத பிள்ளை என்று விரிவாகப் பொருள் செய்ய அவர்களால் முடிந்தது. வெள்ளை என்ற சொல் வந்தபோது மட்டும் உயில் கல்லெழுத்தாகிவிட்டது. ஸ்தாபகரின் கொள்கை என்று பின்னால் வருபவர்கள் சொல்லும்போது, அவர் சொன்னவற்றில் தங்களுக்குப் பிடித்ததைத்தான் சொல்லுகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

இதற்கிடையில் சொத்து பெருகிற்று. சாவதற்குமுன் ஜிரார்டு வாங்கிப் போட்டிருந்த மலை நிலங்களில் நிலக்கரி வெட்டினார்கள். அந்த வருமானத்தில் ஒரு காலத்தில் 1,500 பிள்ளைகளுக்கு மேல் உள்ளே படித்தார்கள். உயிலின்படியே கட்டிய பத்தடி மதில் 40 ஏக்கருக்கு மேற்பட்ட பூமியைச் சுற்றி நின்றது. காலப்போக்கில் அந்த மதிலுக்கு வெளியே குடியிருந்தவர்கள் பெரும்பாலும் ஏழைக் கறுப்பர்களாக ஆனார்கள். தகப்பனில்லாத கறுப்புப் பிள்ளை தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மதிலைப் பார்க்கலாம். உள்ளே போக முடியாது.

ஒரு வேடிக்கையைச் சொல்லிவிட்டுப் போகிறேன். ஆப்பிரிக்காவைப் பிடித்துக் கொள்ளையடித்த சிசில் ரோட்ஸ் 1902-ல் செத்தபோது, ஆக்ஸ்போர்டில் படிக்கச் சம்பளம் வைத்த உயிலில், இனத்தையோ மதத்தையோ காரணமாக வைத்து யாரையும் தள்ளக்கூடாது என்று எழுதியிருந்தான். அவன் மனதில் வைத்தது எந்த இனமோ! ஆனால் எழுத்து எழுத்துதானே. 1907-ல் அந்தச் சம்பளத்தைப் பெற்றவர்களில் ஆலன் லாக் என்ற கறுப்பு இளைஞரும் ஒருவர். அவர் பிறந்த ஊர் எது? பிலடெல்பியா! ஏகாதிபத்தியக்காரன் உயிலில் அவருக்கு இடமிருந்தது. பகுத்தறிவாளன் மதிலுக்குள் அவருக்கு இடமில்லை. இதை நாம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1954-ல் பள்ளிகளில் நிறபேதம் கூடாதென்று அமெரிக்கப் பெரிய கோர்ட்டுத் தீர்ப்பு வந்தது. கறுப்புப் பிள்ளைகள் ஜிரார்டு காலேஜுக்கு மனுச் செய்தார்கள். மறுக்கப்பட்டது. 1957-ல் அதே பெரிய கோர்ட்டு, காலேஜை நடத்துவது சர்க்கார் நியமித்த போர்டு, ஆகையால் நிறத்தைக் காரணமாகக் காட்டி மறுப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லிற்று. உடனே உள்ளூர்க் கோர்ட்டு என்ன செய்தது தெரியுமா? அந்த போர்டை எடுத்துவிட்டு, சர்க்கார் சம்பந்தமில்லாத புது டிரஸ்டிகளை நியமித்துவிட்டது! எதற்கு? செத்தவருடைய இஷ்டத்தை நிறைவேற்ற! அவருடைய எத்தனையோ இஷ்டம் காற்றில் பறந்தபோது கவலைப்படாதவர்களுக்கு இந்த ஒரு சொல்லின் மேல் இவ்வளவு பக்தி.

1965 மே மாதத்தில், வக்கீல் சிசில் மூர் தலைமையில் ஜனங்கள் மதிலைச் சுற்றி மறியல் ஆரம்பித்தார்கள். ஏழு மாதத்துக்கு மேல் விடாமல் நடந்தார்கள். ஆகஸ்டில் மார்ட்டின் லூதர் கிங் வந்து பேசினார். மறுபடி வழக்கு நடந்து, 1968 செப்டம்பரில் முதல் முதலாக நான்கு கறுப்புச் சிறுவர்கள் அந்த வாசல் வழியே உள்ளே போனார்கள். உயில் எழுதி 138 வருஷம்! 'ஆண்' என்ற சொல் இன்னும் கொஞ்ச காலம் நின்று, 1984-ல் பெண் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டார்கள். இன்று அங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் கறுப்புப் பிள்ளைகள்.

அப்படியானால் உயிலே எழுதக் கூடாதா, தர்மமே வைக்கக் கூடாதா என்று யாராவது கேட்கலாம். இதற்கு இன்னொரு வியாபாரியைச் சொல்கிறேன். ஜூலியஸ் ரோசன்வால்டு என்பவர் சிகாகோவில் சியர்ஸ் ரோபக் கம்பெனியின் தலைவராயிருந்தவர், யூதர். கறுப்பர் தலைவர் புக்கர் வாஷிங்டனோடு பழகி, தென் மாகாணங்களில் கறுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டத் தொடங்கினார். ஏறக்குறைய 5,000 பள்ளிக்கூடங்கள் எழுந்தன. அவர் வைத்த நிபந்தனை இரண்டு. ஒன்று, ஊராரும் தங்கள் பங்குக்குப் பணமோ, மரமோ, உழைப்போ போட வேண்டும். மற்றொன்று, தாம் செத்த 25 வருஷத்துக்குள் முதலும் வட்டியும் பூராவும் செலவாகி நிதி தீர்ந்துவிட வேண்டும். அடுத்த தலைமுறையின் தேவை அடுத்த தலைமுறைக்குத்தான் தெரியும் என்பது அவர் எண்ணம். 1932-ல் இறந்தார், 1948-ல் நிதி காலியாகி, கணக்கை முடித்துக் கதவைச் சாத்தினார்கள்.

இவரையும் நான் கோவிலில் வைக்கச் சொல்லவில்லை. வரி கட்டிய ஏழைக் கறுப்பன் பள்ளிக்கூடத்துக்காக மறுபடி கையிலிருந்து போட வேண்டியிருந்தது. வெள்ளைக்குத் தனி, கறுப்புக்குத் தனி என்ற ஏற்பாட்டையும் அவர் எதிர்த்து முட்டவில்லை. ஆனாலும் தாம் செத்தபிறகும் தம் சொல்லே சட்டமாயிருக்க வேண்டும் என்ற ஆணவம் அவரிடம் இல்லை. தர்மம் செய்பவர்களிடத்தில் இது அபூர்வம்.

ஆனால் 25 வருஷத்தில் முடித்துவிடு என்பது எல்லாவற்றுக்கும் பொருந்துமா என்றால், நான் அப்படியும் சொல்லமாட்டேன். ஜிரார்டு காலேஜே அதற்கு ஆட்சேபம் சொல்கிறது. வருமானம் சுருங்கிவிட்டதென்று சொல்லி, பிள்ளைகள் உள்ளேயே தங்கிப் படிக்கும் ஏற்பாட்டையும் உயர்நிலை வகுப்புகளையும் நிறுத்தி வைக்க அனுமதிக்கும்படி டிரஸ்டிகள் கோர்ட்டில் மனுப் போட்டார்கள். எதிர்த்து நின்றவர்கள் யார்? பழைய மாணவர்கள். உயிலில் உள்ளபடி நடத்து, அநாதைப் பிள்ளைக்கு இடமும் சோறும் படிப்பும் கொடு என்று வாதாடினார்கள். ஒரு காலத்தில் எந்தப் பிள்ளைகளை வெளியே நிறுத்த அந்தக் காகிதத்தைக் காட்டினார்களோ, அந்தப் பிள்ளைகளை உள்ளே வைத்துக் காப்பாற்ற அதே காகிதம் கோர்ட்டில் எடுத்துக் காட்டப்பட்டது. 2014-ல் நீதிபதி டிரஸ்டிகளின் மனுவைத் தள்ளினார். பிள்ளைகள் இன்னும் அங்கேதான் தங்கிப் படிக்கிறார்கள்.